நோக்கு நிலைபெறுமாறு

தமிழிலே கண்ணின் தொழிலைக் குறிக்கும் சொற்கள் பல. காண்டல், பார்த்தல், நோக்கல் என்பன அவற்றுட் சில. இவை ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும், வழக்கிலே இவற்றிடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. கண் திறந்திருக்கும்பொழுது எதிரே வந்தது புலப்படுதல் காண்டல். கருத்தானது ஒரு பொருளின்மேற் சென்று, அங்கே தங்கி, அதனை விடாது பற்றி நிற்பது நோக்கல். செய்யுளுக்குரிய உறுப்புக்களை எண்ணிய தொல்காப்பியரும் 'நோக்கு' என ஒன்றை அவற்றிடையே வைத்தார். கேட்போரைத் தன்பால் மீட்டும் நோக்கச் செய்யும் திறனே செய்யுளின் நோக்கு எனப்படுவது. எனவே, நோக்கு என்னும் சொல்லிலே நிலைபேறு என்னும் கருத்து அடங்கிக் கிடக்கின்றது.

வகுப்பறையிலே ஆசிரியர் மாணாக்கரிடம் இடையறாது வேண்டுவதும் இந்த நோக்கினையே. "இங்கே பார்", "புத்தகத்தைப் பார்", "கரும்பலகையைப் பார்" என்னும் ஏவல்கள் ஒரு நாளிலே எத்தனை முறை ஒலிக்கின்றன என்பதை எண்ணப் புகுந்தால் எண்ணி முடியாது. ஏவியும் பாராத பிள்ளை கவனமில்லாதவன் எனப்படுகின்றான், அடங்காதவன் எனப்படுகின்றான், சில இடங்களிலே மந்தன் என்னும் பட்டமும் பெற்றுவிடுகின்றான். மனம் வைத்தால் நோக்கு நிலைத்துவிடும் என்பது இவ்வழக்கின் அடியிலே கிடக்கும் நம்பிக்கை.

இந்நம்பிக்கை பாதியளவிலேயே உண்மை. மனம் கண்ணை ஒரு பொருளின்மேற் செலுத்தலாம். அங்கே அசையாது நிறுத்துதல் மனத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. அதனைச் செய்வன உடம்பினுள்ளே மறைந்து நிற்கும் தெறிவினைகள். உட்செவியும் கழுத்தும் மூளையும் கண்ணும் கூடி இயற்றும் தொழில் அது. அக்கூட்டினை அறியாமையால், பார்வைச் சோதனை என்னும் பெயராலே வித்தியாசாலைகளில் நடைபெறுவது அரைகுறைச் சோதனையாய் நிற்கின்றது. பிள்ளைகள் சிலர் காரணமின்றிக் குறை கூறப்படவும் நேர்கின்றது. இந்நிலை மாறவேண்டும் என்பதே நாம் இங்கே சொல்லப் புகுந்தது.

இதனை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. இம்மலரையே கருவியாகக் கொள்ளலாம். முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்திலே இதனைப் பிடித்துக்கொண்டு, தலையை அசையாமல் நிறுத்தி, ஏட்டை மட்டும் இடமும் வலமுமாக ஒரு செக்கனுக்கு இருமுறை வீதம் ஆட்டுக. எழுத்துக்கள் கலைந்து கோடுகளாகிவிடும். இனி, ஏட்டை அசையாமற் பிடித்து, ஒன்றை மறுப்பார் போலத் தலையை அதே வேகத்தில் ஆட்டுக. எழுத்துக்கள் நின்றவாறே நிற்கும், வாசிக்கவும் இயலும். கழுத்து நோவுடையோர் இச்சோதனையைப் பிறர் செய்யக் கேட்டறிதல் நன்று.

கண்ணுக்கும் ஏட்டுக்கும் இடையே நிகழ்ந்த அசைவு இரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவினதுதான். அவ்வாறிருக்க, ஒருகால் எழுத்து அழிந்ததும் மற்றொருகால் அழியாது நின்றதும் என்னை? ஏடு அசைந்தபொழுது அவ்வசைவை அறிவிக்க வேண்டியது கண்ணே. விழித்திரையில் விழுந்த உருவம் வழுகிச் செல்கின்றது என்பதை மூளை உணர்ந்து, கண்ணின் தசைகளை ஏவுதற்கு ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு அளவு காலம் செல்லும். அதற்குள் ஏடு நெடுந்தூரம் போய்த் திசையும் மாறத் தொடங்கிவிடும். தலை அசைந்தபொழுதோ செய்தி கொண்டுவந்தது செவி. அச்செய்தி கண்ணை இயக்குதற்கு ஏறக்குறைய ஒரு செக்கனின் நூறிலொரு பங்கே போதும்.

செவி என்றவுடன் ஒலியையே நினைப்பது உலக வழக்கு. உட்செவியிலே ஒலியை ஏற்கும் நத்தை வடிவான உறுப்பின் அயலிலே, ஒரு பக்கத்துக்கு மூன்றாக, இரு பக்கத்திலும் ஆறு அரைவட்டக் கால்வாய்கள் உள. அறையொன்றின் மூலையிலே தரையும் இரு சுவர்களும் கூடுமாறு போல, மூன்று கால்வாய்களும் ஒன்றுக்கொன்று குறுக்கான மூன்று தளங்களில் அமைந்துள்ளன. அவற்றினுள்ளே நீர் நிரம்பியிருக்கின்றது. தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைச் சட்டென்று திருப்பினால், பாத்திரம் திரும்பும். நீர் உடனே திரும்பாது பின்தங்கும். அவ்வாறே தலை திரும்பும்பொழுது கால்வாயின் நீர் பின்தங்கி, வழியிலே மெல்லிய திரைபோல் நிற்கும் மென்பொருளை வளைக்கின்றது. அதனுட் புதைந்த நுண்மயிர்கள் சாய்கின்றன. அச்சாய்வே நரம்புச் செய்தியாகின்றது.

அச்செய்தி செல்லும் பாதை மிகக் குறுகியது. நரம்புக்கலங்கள் மூன்றே தொடராக நின்று அதனைக் கடத்துகின்றன: உட்செவியிலிருந்து மூளைத்தண்டுக்கு ஒன்று, மூளைத்தண்டினுள்ளே ஒன்று, அங்கிருந்து கண்ணின் தசைக்கு ஒன்று. தலை வலப்பக்கம் திரும்பின் வலச்செவியின் கிடைக் கால்வாய் ஊக்கம் பெறும். இடச்செவியின் இணைக் கால்வாய் தளரும். தராசின் ஒரு தட்டுத் தாழ மற்றது உயர்வது போன்ற இவ்வேறுபாட்டினால், இடக்கண்ணை வெளிப்புறமாக இழுக்கும் தசையும் வலக்கண்ணை மூக்கின் பக்கமாக இழுக்கும் தசையும் ஒருங்கே சுருங்குகின்றன. தலை வலத்தே சென்ற அளவுக்குக் கண்கள் இடத்தே செல்கின்றன. வெளியுலகை நோக்கக் கண் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. ஒவ்வொரு கண்ணையும் இயக்குதற்கு ஆறு தசைகள் இருத்தலின், மேலும் கீழும் பக்கமும் சாய்வுமாகிய எத்திசை அசைவுக்கும் இவ்வாறே எதிரசைவு உண்டு. இதனைச் செவி–கண் தெறிவினை எனலாம். கண்ணை மூடினும், காரிருளிலே நின்றாலும் இது நிகழும்.

இத்துணை நுட்பம் எற்றுக்கு எனின், விழித்திரையின் நடுவிலே சிறியதோர் இடம் மாத்திரமே கூர்மையாகக் காணவல்லது என்க. கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பார்த்தால், அந்நகத்தின் அகலம் அளவான பரப்பே ஒரு நேரத்திலே மிகத் தெளிவாய்த் தெரிவது. ஏனையவெல்லாம் மங்கலே. அவ்வுருவம் ஒரு செக்கனிலே சில பாகை அளவு வழுகினாலும் தெளிவு கெட்டுவிடும். நாமோ நடக்கும்பொழுதெல்லாம் தலையை ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ இருமுறை மேலும் கீழும் அசைக்கின்றோம். உயர எழுந்த பந்தைப் பிடிக்க ஓடும் மாணவனின் தலை குதிக்கின்றது. அவன் கண்ணிலே பந்து குதிப்பதில்லை. பனையிலே ஏறுபவரின் உடல் ஒவ்வோர் எட்டிலும் அதிர்கின்றது. அவர் நோக்கும் பாளை அதிர்வதில்லை. நடனமாடும் பெண் தோளை அசைக்காது கழுத்தை இருபுறமும் பெயர்க்கும்பொழுதும் அவளது விழி சபையை விட்டு நழுவுவதில்லை. அபிநயதர்ப்பணம் தலைக்கு 9, பார்வைக்கு 8, கழுத்துக்கு 4 எனப் பேதங்களை வகுத்தது. கண்ணையும் கழுத்தையும் தனித்தனியே ஆளப் பழகுதல் எத்துணை அரிய பயிற்சி என்பதை அந்நூலார் உணர்ந்தமைக்கு அவ்வகுப்பே சான்று. இயல்பிலே அவை இணைந்து இயங்குவன. பிரித்து இயக்குதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

இவ்வறிவு ஒருநாளிலே கிடைத்ததன்று. 1820களில் பிரான்சிய அறிஞர் புளூறன்ஸ் என்பார் புறாவின் அரைவட்டக் கால்வாய்களை ஒவ்வொன்றாய்ச் சிதைத்தபொழுது, எக்கால்வாய் சிதைந்ததோ அதன் தளத்திலேயே புறாவின் தலை ஆடக் கண்டார். 1870களில் புறோயர், மாக், குறம் பிறவுண் என்னும் மூவர், ஒருவரையொருவர் சாராமலே, கால்வாயின் நீரோட்டமே சுழற்சியை உணர்த்துகின்றது என முடிவு செய்தனர். இம்மூவருள் மாக் என்பாரின் பெயரை வானூர்தியின் வேகத்தைக் கூறுமிடத்து இன்றும் கேட்கின்றோம். பின்னர் வியன்னா நகரிலே செவி மருத்துவராய் இருந்த றொபேட் பாரானி, செவியைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தாலும் சூடாயிருந்தாலும் நோயாளர்க்குத் தலை சுற்றுதலையும் கண்கள் துள்ளி அசைதலையும் கண்டு, அதனையே உட்செவியைச் சோதிக்கும் முறையாக வகுத்தார். அவருக்கு 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசு அறிவிக்கப்பட்டபொழுது அவர் உருசியரின் போர்க்கைதியாய் இருந்தார் என்பது வரலாறு.

செவிக்குத் துணையாகக் கண்ணுக்கும் தனக்கென ஒரு தெறிவினை உண்டு. யாழ்தேவியிலே சாளரத்தோரம் அமர்ந்து வெளியே நோக்குபவரின் கண்களை எதிரே இருந்து கவனித்தால், அவை ஒரு மரத்தை மெல்லத் தொடர்ந்து சென்று, பின் துள்ளி மீண்டு, அடுத்த மரத்தைப் பற்றுவதைக் காணலாம். பார்க்கும் காட்சி முழுவதும் ஒருபக்கமாக ஓடும்பொழுது கண்ணும் அதனுடன் ஓட முயல்கின்றது. செவியின் தெறிவினை விரைந்த அசைவுக்கு ஏற்றது. கண்ணின் தெறிவினை மெதுவான, நெடுநேரம் தொடரும் அசைவுக்கு ஏற்றது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது.

மூன்றாவது துணை கழுத்து. வீட்டிலே கோழி வளர்த்தோர் ஒன்றைக் கண்டிருப்பர். கோழியை இரு கையாலும் ஏந்தி, உடலை முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைத்தால், தலை மாத்திரம் ஆகாயத்திலே ஆணி அறைந்தாற்போல நின்ற இடத்திலே நிற்கும். பறவைகளின் கண்கள் எம் கண்களைப்போல் அத்துணை அசைவன அல்ல. ஆதலின் நோக்கை நிறுத்தும் பாரத்தின் பெரும்பகுதியைக் கழுத்து ஏற்றுக்கொண்டது. மனிதனிடத்திலே அப்பாரம் பெரும்பாலும் கண்ணின் தசைகளுக்கு மாறிவிட்டபோதிலும், கழுத்து இன்னமும் இருவகையால் உதவுகின்றது. உட்செவியின் செய்தி கழுத்துத் தசைகளுக்கும் சென்று, உடல் குலுங்கும்பொழுது தலை மிகையாக ஆடாமற் காக்கின்றது. இது முதலாவது. தலையோட்டின் அடியிலே பிடரியோரமாய் உள்ள சிறு தசைகளில், அவற்றின் நீட்சியை அளந்து சொல்லும் நுண்கருவிகள் மிகச் செறிந்திருக்கின்றன. உடலுக்கும் தலைக்கும் இடையே உள்ள திருப்பத்தை அவை மூளைத்தண்டுக்கு அறிவிக்கின்றன. அச்செய்தியும் கண்ணை இயக்குகின்றது. இது இரண்டாவது. தலையை அசையாமற் பிடித்துக்கொண்டு உடலை மட்டும் திருப்பினாலும் கண்கள் திரும்பும் என்பதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே முயலிடத்துக் கண்டு கூறியவரும் மேற்கூறிய பாரானியே.

நலமுள்ள இளையோரிடத்திலே இக்கழுத்து–கண் தெறிவினை மெலிந்ததாகவே காணப்படுகின்றது. எனின், அது பயனற்றதோ? அன்று. உட்செவியின் தொழில் இரு பக்கமும் கெட்டவரிடத்து இத்தெறிவினை வலிமை பெற்று எழுகின்றது. முதுமையிலே செவியின் தெறிவினை தளர, கழுத்தின் தெறிவினை வளர்வதும் அளந்து அறியப்பட்டுள்ளது. மூத்தவன் நோயுற்றபொழுது இளையவன் குடும்பச் சுமையைத் தோளில் ஏற்பது போன்றது இது. ஆயினும் இதிலே ஓர் இடரும் உண்டு. கழுத்து நோவினால் வருந்துவோர் பலரிடத்தும் இத்தெறிவினை வேண்டாதபொழுதே மிகுந்து நிற்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். செவி ஒன்று சொல்ல, கழுத்து மற்றொன்று சொல்ல, கண் எதனைக் கேட்பது? கழுத்து நோவுடையோர் சிலர் வாசிக்கும்பொழுது கண் களைப்பதாகவும் பார்வை தெளிவில்லை எனவும் கூறுதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இத்தெறிவினைகள் இல்லையாயின் வாழ்வு எத்தகையது என்பதை ஒரு மருத்துவரே எழுதிவைத்துள்ளார். ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து 1943இலே கண்டறியப்பட்டது. காசநோயாளர் எண்ணிறந்தோர் அதனால் உயிர் பெற்றனர். ஆனால் அம்மருந்து சிலரின் உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்களை அழித்துவிட்டது. அவ்வாறு அழியப்பெற்ற அமெரிக்க மருத்துவர் ஒருவர், தம் பெயரின் முதலெழுத்துக்களை மாத்திரம் இட்டு, 1952இலே மருத்துவ இதழொன்றிலே தம் நிலையை விவரித்தார். படுக்கையிலே கிடந்து வாசிப்பதற்கு, கட்டிலின் தலைமாட்டிலுள்ள இரு கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கிவைக்க வேண்டியிருந்ததாம். என்னை? இதயத் துடிப்பினால் தலையிலே எழும் சிற்றசைவு போதும், எழுத்துக்கள் ஏட்டிலே துள்ளுவதற்கு. தெருவிலே நடக்கும்பொழுது எதிரே வருபவர் முகமும் பெயர்ப்பலகையும் அவருக்குத் தெரியா, நின்றாற்றான் தெரியும். அவருடைய கண்ணிலே குறையொன்றும் இருக்கவில்லை. சுவரிலே தொங்கும் எழுத்து அட்டையின் முன் நிறுத்தியிருந்தால் அவர் தேறியிருப்பார்!

இவ்விடத்தே எம் வித்தியாசாலைகளை நினைக்க வேண்டும். பிள்ளையை 20 அடி தூரத்திலே நிறுத்தி, அசையாமல் நின்று அட்டையிலுள்ள எழுத்துக்களை வாசிக்கச் சொல்லுகின்றார்கள். அச்சோதனை நல்லது, வேண்டியது. ஆனால் அது நிற்கும் பிள்ளையின் பார்வையை மாத்திரமே அளக்கின்றது. வகுப்பிலே பிள்ளை நிற்பதில்லை. கரும்பலகையை நிமிர்ந்து பார்க்கின்றான், குனிந்து எழுதுகின்றான், மீண்டும் நிமிர்கின்றான். ஒரு பாடவேளையிலே இது நூறு முறை நிகழலாம். உட்செவி தளர்ந்த பிள்ளைக்கு ஒவ்வொரு நிமிர்விலும் எழுத்து ஒரு கணம் கலையும். விளையாட்டிடத்திலே ஓடும்பொழுது பந்து கலையும். ஆண்டு தோறும் அட்டைச் சோதனையிலே தேறிவிடுகின்ற அப்பிள்ளை, வகுப்பிலே பின்தங்கியும், மைதானத்திலே தடுமாறியும் நிற்பான். தன் குறையை அவன் எடுத்துச் சொல்வான் என எதிர்பார்த்தலும் வீண். பிறந்த நாள் முதலாக அவ்வாறே கண்டவனுக்கு, உலகம் எல்லார்க்கும் அவ்வாறே தோன்றும் என்பதன்றி வேறு எண்ணம் எழாது.

எத்தகைய பிள்ளைகளிடத்து இதனை ஐயுறல் வேண்டும்? செவிப்புலன் பிறவியிலேயே குன்றிய பிள்ளைகள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர். ஒலியை ஏற்கும் உறுப்பும் சமநிலையை உணரும் உறுப்பும் ஒரே எலும்பறையிலே அடுத்தடுத்து இருத்தலின், ஒன்று கெட்டவிடத்து மற்றதும் கெட்டிருத்தல் அரிதன்று. அவர்களிலே சிலர் காலந்தாழ்ந்து நடை பயின்றவராயும் இருளிலே தடுமாறுபவராயும் இருப்பர். அவர்களுடைய செவியைப் பற்றியே எல்லாரும் கவலுகின்றனர்; அச்செவி கண்ணுக்குச் செய்யத் தவறிய உதவியை நினைப்பார் இலர். மூளையைச் சூழ்ந்த சவ்விலே நோய் பற்றிய காய்ச்சலிலிருந்து பிழைத்தவர்களும், ஸ்ரெப்ரோமைசின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளை நெடுநாட் பெற்றவர்களும் அடுத்து எண்ணத்தக்கவர்.

சோதிக்கும் முறையும் எளியது. அட்டையை முதலில் அசையாது வாசிக்கச் செய்து, பின்னர்ப் பிள்ளையின் தலையை ஒரு செக்கனுக்கு இருமுறை வீதம் மெல்ல இருபுறமும் திருப்பிக்கொண்டு வாசிக்கச் செய்வதே அது. நலமுள்ள பிள்ளை முன் வாசித்த வரிகளையே பெரும்பாலும் வாசிப்பான். இரண்டு வரிக்கு மேல் இழப்பவனை மருத்துவரிடம் அனுப்புதல் தகும். 1988இலே அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் ஹால்மாகியும் கேர்தோயிசும் விவரித்த மற்றொரு முறைக்கு அட்டையும் வேண்டுவதில்லை. எதிரே இருப்பவரின் மூக்கை நோக்கச் செய்து, தலையைச் சிறிதளவு சட்டெனத் திருப்ப, கண் நழுவித் துள்ளி மீள்கின்றதா எனக் காண்பதே அது. இவை பிள்ளையின் கழுத்தோடு தொடர்புடையனவாதலின், பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும். ஆசிரியர் செய்யவேண்டியது ஐயுறுதலும் கேட்டலும் அனுப்புதலுமே.

"ஆசிரியன் வைத்தியனோ? பாடம் நடத்துவதற்கே பொழுது போதவில்லை, இதுவும் வேண்டுமோ?" என்று கேட்பார் உளர். பிள்ளையை நாள்தோறும் ஆறு மணிநேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் ஆசிரியர். வைத்தியர் ஆண்டுக்கொருமுறை சில நிமிடம் பார்க்கின்றார். படியிலே இறங்கும்பொழுது தடுமாறுவோன் எவன், நடந்துகொண்டே வாசிக்க முயன்று நின்றுவிடுவோன் எவன் என்பதை முதலிற் காணக்கூடியவர் யாவர்? "மந்தன்" எனச் சொல்லுதற்குச் செலவாகும் அதே நொடியிலே, "நடக்கும்பொழுது எழுத்து உனக்குத் தெளிவாய்த் தெரிகின்றதா, தம்பி?" எனக் கேட்டுவிடலாம்.

மற்றொரு புறத்தையும் சொல்லுதல் கடன். வாசிக்க இடர்ப்படும் பிள்ளைகள் எல்லாரும் இக்குறையுடையவர் அல்லர், இக்குறையுடையோர் சிலரே. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதிலே மூளைக்கு உள்ள இடர்ப்பாடு வேறு. நோக்கு நிலையாமை வேறு. கண்ணுக்குப் பயிற்சி கொடுத்து எல்லா வாசிப்பிடரையும் போக்குவோம் எனக் கூறிப் பணம் பெறுவோரைப் பெற்றோர் நம்புதல் ஆகாது. அவரவர் குறைக்கு அதனதன் காரணத்தை நாடுதலே அறிவுடைமை.

நோயற்ற பிள்ளைகளுக்கும் இவ்வறிவினாற் பயன் உண்டு. புதிதாகக் கண்ணாடி அணிந்த பிள்ளை, முதற்சில நாள்களிலே, தலையைத் திருப்பினால் உலகம் நீந்துகின்றது எனக் கூறிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். கண்ணாடி உருவத்தைச் சிறிதளவு பெரிதாக்கியோ சிறிதாக்கியோ காட்டுதலின், தலை அசைந்த அளவுக்குக் கண் அசைந்தால் அளவு பிழைத்துப்போகின்றது. மூளை அவ்வளவைத் திருத்திக்கொள்ள வேண்டும், திருத்திக்கொள்ளவும் வல்லது. 1970களில் கனடாவின் மொன்றியல் நகரிலே மெல்வில் யோன்சும் அவருடன் ஆய்ந்தோரும், இடத்தை வலமாகக் காட்டும் கண்ணாடிகளைச் சிலருக்கு நாட்கணக்காய் அணிவித்தபொழுது, அவர்களுடைய தெறிவினையின் திசையே மாறத் தொடங்கிற்று. அத்திருத்தத்திலே மூளி என்னும் சிறுமூளைக்குள்ள பங்கினை யப்பானிய அறிஞர் மசாவோ இற்றோ எடுத்துக்காட்டினார். மாறாதது எனக் கருதப்பட்ட தெறிவினையும் பழக்கத்தாற் கற்கின்றது. ஆதலின், புதுக் கண்ணாடி அணிந்த பிள்ளைக்கு, "சில நாள் பொறு, கழற்றாதே, கண் பழகிக்கொள்ளும்" என்று காரணத்துடன் சொல்லுதல் வேண்டும். காரணம் அறிந்த பிள்ளை பொறுப்பான்.

கற்கும் ஆற்றல் உடையதாயின் அதற்குக் கற்கும் வாய்ப்பும் வேண்டுமன்றோ? உட்செவி நோயுற்றோர்க்கு, 1940களில் இங்கிலாந்திலே கோதோணும் குக்சியும் வகுத்த மருத்துவம், தலையையும் கண்ணையும் அசைத்துச் செய்யும் பயிற்சிகளும் பந்தெறிந்து பிடிக்கும் விளையாட்டுக்களுமே. நோயாளனுக்கு மருந்தாய் நின்றது பிள்ளைக்கு உணவாய் நிற்கும் என்பது எம் கருத்து. கிளித்தட்டு மறித்தும், ஊஞ்சலாடியும், கைகோத்துச் சுழன்றும் வளர்ந்த பிள்ளைகள், தாம் அறியாமலே இத்தெறிவினைகளைப் பழக்கினர். இன்றைய பிள்ளையோ பள்ளி விட்டதும் தனியார் வகுப்பிலே குனிந்திருக்கின்றான். வீடு வந்ததும் கைத்தொலைபேசியின்மேற் குனிந்திருக்கின்றான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே உயரமான வாங்கும் மேசையும் போடப்பட்டிருக்கும் இடங்களும் உள. விளையாட்டு வேளையை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கமும், பிள்ளையின் உயரம் பாராது வாங்கு போடும் வழக்கமும் நோக்கைக் கெடுப்பன. அவற்றை நீக்குதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் மாணாக்கர்க்குத் தமிழிலேயே விளக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவக் கல்வியையே தமிழிற் புகட்டினார். உடற்கூற்று நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். தெறிவினை, விழித்திரை, அரைவட்டக் கால்வாய் என்பன இன்று எம் பாடநூற் சொற்கள். குறை சொல்லில் இல்லை. சொல்லை மனனஞ் செய்வித்து, பொருளை உடம்பிலே காட்டாது விடுதலே குறை. ஒவ்வொரு மாணாக்கனும் ஆறு கால்வாய்களையும் பன்னிரண்டு கண்தசைகளையும் வகுப்புக்குக் கொண்டுவருகின்றான். ஏட்டை ஆட்டியும் தலையை ஆட்டியும் பார்க்கச் சொன்னால் போதும். அப்பாடத்தை அவன் மறக்கமாட்டான்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள்ளே மருத்துவர் பலர் உளர். அயல்நாடுகளிலே இத்துறையிற் பணிபுரிவோரும் உளர். விழாக் காலத்திலே கல்லூரிக்குக் கட்டடமும் கேடயமும் வழங்குதல் நன்று, வழங்குவோரை வாழ்த்துகின்றோம். அதனோடு ஒன்றை வேண்டிக்கொள்கின்றோம். ஆண்டிலே ஒரு நாள் கல்லூரிக்கு வருக. ஆறாம் வகுப்பிலே புதிதாய்ச் சேரும் பிள்ளைகளை நிற்க வைத்தும், தலையை அசைக்க வைத்தும் சோதித்துத் தருக. எத்தகைய பிள்ளையை உங்களிடம் அனுப்பவேண்டும் என்பதை ஆசிரியர்க்கு ஒரு மணி நேரம் எடுத்துரைக்க. பத்து ஆண்டுகளிலே ஒரு பிள்ளையின் குறை இவ்வாறு கண்டறியப்பட்டாலும், மந்தன் என்னும் சொல்லிலிருந்து அவன் மீண்டவனாவான். அதனினும் பெரிய நன்கொடை யாது?